கீழே ஓடும் பட்டையின் உயரம்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரையும் விட்டுவிட்டேன் என்று மனம் அரிக்கக்கூடாது. மேசைக்கு இந்தப் பக்கம் நான். எனக்கு வலப்பக்கம் ஈடா என்ற இளம்பெண், மடியில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டே இருந்தாள். எதிரே யோன், அவர்தான் அங்கே பொறுப்பாளர். சுவரோரம் இரண்டு இளைஞர்கள். பெயர் சொன்னார்கள், எனக்குப் பிடிபடவில்லை. கை கொடுத்தார்கள், கை குளிர்ந்திருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. கதவுப் பக்கத்தில் என் மகள் தர்சினி. மேசைக்கு மேலே ஒரு கமரா. அது முகத்தைப் பார்க்காது, கைகளை மட்டும்தான் பார்க்கும் என்று விளங்கப்படுத்தினார்கள்.

ஆக ஆறு பேரும் ஒரு கமராவும். அந்த ஆறு பேரில் நான்கு பேருக்கு, தர்சினி என் மகள் என்பது தெரியாது.

மகளுக்கு என் கணவரின் பெயர் பின்னால் வருகிறது. எனக்கு இன்னும் என் அப்பாவின் பெயர்தான். கல்யாணம் முடித்து நோர்வேக்கு வந்த காலத்திலேயே மாற்றியிருக்கலாம். அந்தப் படிவம் நான்கு பக்கம். பிழையாக நிரப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, நாளைக்கு, நாளைக்கு என்று இருபத்தெட்டு வருஷம் போய்விட்டது. அந்தப் பயம் அன்று மகளுக்கு உதவியது. பெயரை வைத்து யாரும் எங்களை முடிச்சுப் போடவில்லை.

வருகிற செவ்வாயோடு இதற்கெல்லாம் ஒரு வருஷம். அதனால்தான் எழுதத் தோன்றியது. மட்டக்களப்புத் தன்னாமுனையில் ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் ஊரில் இருக்கும் நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

போனில் ஒரு செயலியைத் திறந்தால் திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும். அதில் நாலைந்து சின்னப் படங்கள். உங்கள் போனிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எங்கள் பஸ் செயலியின் பட்டையில் நான்கு படங்கள்: பயணம், ரிக்கற், வரைபடம், நான். ‘நான்’ என்பது என் பெயரும் விலாசமும் உள்ள இடம். அதற்கும் கீழே, போனுக்கென்று சொந்தமாக ஒரு கோடு கிடக்கும். விரல் அந்தக் கோட்டில் பட்டு ஒள்ளுப்பம், ஒரு நூலளவு, மேலே வழுக்கினால் போதும், செயலி பறந்துவிடும்.

நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். சூடான படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து மடிக்கும் வேலை, பத்தொன்பது வருஷமாக. என் விரல் நுனிகள் தடித்துக் காய்ந்துபோனவை. மென்மையாகத் தொடத் தெரியாது. அமத்தினால்தான் எனக்கே தொட்டது தெரியும்.

ஒரு பனிக்காலக் காலையில் பஸ்ஸில் பரிசோதகர் ஏறினார். கையுறையைக் கழற்றிவிட்டு ரிக்கற் படத்தை அமத்தினேன். செயலி பறந்தது. போனின் முகப்பில் என் கணவரின் படம் இருக்கிறது, இறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன் எடுத்தது. அவர் வந்து சிரித்தார். திரும்பச் செயலியைத் திறந்தேன், அமத்தினேன், திரும்பவும் அவர். மூன்று தரமும் அவர்தான் வந்தார். பஸ் முழுக்க என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. இந்த நாட்டில் ஒருவரும் பார்க்கமாட்டார்கள், அது இன்னும் கூடுதலாக வியர்க்க வைக்கும். நான்காம் தரம் ரிக்கற் வந்தது. பரிசோதகர் “நன்றி” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு முழுநாளும் ஒரு மனிதர் என்னோடு பேசியது அந்த ஒரு சொல்தான்.

ஞாயிற்றுக்கிழமை தர்சினி எடுத்தபோது இதைச் சொன்னேன். அவள் தலைநகரத்தில் இருக்கிறாள், ரெயினில் நாலரை மணித்தியாலம். ஞாயிறு பின்னேரம் எடுப்பாள், சாப்பிட்டீங்களா, குளிரா, சரி அம்மா, வைக்கிறேன். ஏழு நிமிஷம் போனால் அது நீளமான கதை. அன்றைக்கு அவள் வைக்கவில்லை.

“அம்மா, அது எங்கட அப். நான் வேலை செய்யிற அப்.”

“பஸ்காரங்கட அப் எல்லுவா?”

“அவைக்கு நாங்கள்தான் செய்து குடுக்கிறம். அந்தப் பட்டை சின்னன் எண்டு நான் மூண்டு மாதமாச் சொல்லுறன். வரைபடம் பெரிசாத் தெரியவேணும் எண்டு அதின்ட உயரத்தைக் குறைச்சுப்போட்டினம். நாற்பத்துநாலு.”

“நாற்பத்துநாலு என்ன?”

“புள்ளி. அது ஒரு அளவு. ஒரு விரலுக்கு நாற்பத்தெட்டாவது வேணும். நான் எழுபத்திரண்டு கேக்கிறன்.”

“அப்ப கூட்டி விடன் புள்ள. ஒரு இலக்கத்த மாத்துறதுதானே.”

அவள் சிரித்தாள். கனகாலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. உயரத்தை மட்டும் கூட்டினால் படங்கள் எல்லாம் மேலே போய் ஒட்டிக்கொள்ளுமாம், கீழே வெறும் இடம் கிடக்குமாம், சில போன்களில் எழுத்து பாதியில் வெட்டுப்படுமாம். போனின் சொந்தக் கோட்டுக்கும் இடம் விடவேண்டும். ஒவ்வொரு வகைப் போனிலும் போட்டுப் பார்க்கவேண்டும். அவள் விரும்பியது அதற்கும் மேலே: சின்னன், நடுத்தரம், உயரம் என்று மூன்று அளவு வைத்து, பாவிக்கிறவரே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள விடுவது. இரண்டு கிழமை வேலை. யோன் கேட்டாராம்: “இதை யார் கேட்டார்கள்? எனக்கு ஓர் ஆளைக் காட்டு.”

நாற்பது நிமிஷம் கதைத்தாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காவிட்டால் வைத்துவிடுவாளோ என்று “ஓம், ஓம்” சொல்லிக்கொண்டே இருந்தேன். முடிவில் சொன்னாள்:

“அம்மா, நீங்கள் ஒருக்கா வாறீங்களா? ஆக்களை வைச்சுப் பார்க்கிற நாள் ஒண்டு இருக்குது. வந்து அந்தப் பட்டையை அமத்தினால் போதும். நானூறு குரோணர் குடுப்பினம்.”

“காசு என்னத்துக்கு. வாறன்.”

“ஆனால் அங்க என்னை உங்களுக்குத் தெரியாது. சரியா? சொந்தம் எண்டால், நீ சொல்லிக்குடுத்துக் கூட்டி வந்திருக்கிறாய் எண்டு யோன் சொல்லுவான்.”

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் அது உள்ளே இறங்கியது. தேநீர் போட்டு, குடிக்க மறந்து, திரும்பவும் சூடாக்கினேன்.

3

அண்ணன் தன்னாமுனையில்தான் இருக்கிறார். வீடியோவில் எடுத்தால் போனை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு இன்னும் வராது. நெற்றியும் கூரை விசிறியும்தான் தெரியும். அந்த நெற்றியோடுதான் நான் கதைப்பது. சோதனைக் கதையைச் சொன்னேன்.

“ஏழாம் வகுப்போட நிண்டவளுக்கு இப்ப வெள்ளக்காரன் சோதின வைக்கிறானா கா?”

“பகிடி பண்ணாதீங்க அண்ணன்.”

“என்ன பாடம்?”

“போன அமத்திறது.”

“அப்ப நான் பெயில்தான்,” என்றது நெற்றி. “நீ பாஸாகிருவ. நீ ஆரு, ஆம்பிளச் சைக்கிள பாருக்குக் கீழால கால விட்டு ஓடினவள் எல்லுவா.”

அது உண்மை. பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். அப்பா ஏறாவூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். அப்பாவின் சைக்கிள் எனக்கு மிஞ்சின உயரம். சீற்றில் ஏறினால் கால் எட்டாது, அதனால் நடுவில் ஓடும் இரும்புப் பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு மிதிப்பேன். ஒரு கையில் சோற்றுப் பார்சல். ஆற்றுப் பக்கத்திலிருந்து காத்து அடித்தால் சைக்கிளும் நானும் வேலிக்குள்தான். எட்டு மாதம் அப்படி ஓடினேன். ஒருநாள் முழங்கால் கிழிந்து வந்தபோது அண்ணன் கேட்டார்: “ஏன் கா, சீற்ற இறக்கித் தா எண்டு கேக்கத் தெரியாதா?”

“இறக்கலாமா?” என்றேன் நான்.

ஒரு சாவி எடுத்து இரண்டு திருகு. சீற் இறங்கியது. பார் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் கால் எட்டியது. எட்டு மாதமும் அந்தத் திருகாணி அங்கேயே இருந்திருக்கிறது. சைக்கிள் என்றால் அந்த உயரம்தான், வளைய வேண்டியது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மறுகா, பிள்ளையப் பாத்தா நான் கேட்டதெண்டு சொல்லு,” என்று சொல்லி அண்ணன் வைத்தார்.

பார்த்தாலும் தெரியாதவள்போல இருக்கவேண்டும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

4

எட்டு நாள் இருந்தது. நான் பழகத் தொடங்கினேன்.

ஒருவரும் பழகச் சொல்லவில்லை. பழகாதே என்றும் சொல்லவில்லை. சோதனை என்றால் பழகவேண்டும், அதைவிட்டால் எனக்கு வேறு தெரியாது. அத்தனை பேருக்கு முன்னால் என் கணவரின் படம் மூன்று தரம் வந்து சிரித்தால்? யோன் தர்சினியைப் பார்த்து, இந்த மனிசியை எங்கே பிடித்தாய் என்று கேட்டால்? அவள் முகம் சிவந்தால்? இரவில் கண்ணை மூடினால் அவள் முகம்தான் சிவக்கும்.

அந்தச் செயலி என் போனிலேயே இருந்தது வசதியாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் போனை வைத்து அமத்தினேன். பெருவிரல் சரிவரவில்லை. சுட்டுவிரல் பத்துக்கு ஆறு. எல்லாம் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தது சுண்டுவிரல். அதன் வெளிப்பக்கத்தில் தோல் இன்னும் மெல்லிசு, விரிப்பு இழுக்கும்போது அந்த இடம் படுவதில்லை. போனைச் சரித்துப் பிடித்து, மூச்சை அடக்கி, படத்தின் மேல் ஓரத்தில் சுண்டுவிரலின் பக்கத்தால் ஒரு தட்டு. வந்தது. ஒரு கொப்பியில் அடையாளம் போட்டேன், வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு வட்டம். முதல் நாள் வட்டங்கள். ஐந்தாம் நாள் முழுக்கக் கோடுகள்.

முன்பு ஒருதரம் கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போனபோது அங்கே விரல்ரேகை எடுக்கும் மெஷின் என் விரலை ஏற்கவில்லை. நான்கு தரம் துடைத்து வைத்துப் பார்த்த பெண் சொன்னாள்: இரண்டு கிழமை வேலைக்குப் போகாமல் கையை ஓய விட்டு, கிறீம் பூசிக்கொண்டு வாருங்கள். விரலில் நீங்கள்தான் என்பதற்கு அடையாளம் போதாது என்று வேறு சொன்னாள். ஏளனமாகச் சொல்லவில்லை, மெஷின் திரையில் எழுதியிருந்ததை வாசித்தாள். அந்த வைத்தியம் ஞாபகம் வந்து, கடைசி இரண்டு நாளும் வேலைக்கு லீவு போட்டேன். கை பூராவும் கிறீம் பூசி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, தொலைக்காட்சியைச் சத்தத்துக்காகப் போட்டுவிட்டு இருந்தேன். அந்த இரண்டு நாளில் கதவு மணி ஒருதரம் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பார்சல்.

5

தர்சினியின் அலுவலகத்துக்கு நான் இரண்டு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டேன். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். அடுப்பை அணைத்தேனா என்ற யோசனை வேறு. சரியான நேரத்துக்கு உள்ளே போனபோது கதவைத் திறந்தது தர்சினி. கை நீட்டினாள்.

“வணக்கம், நான் தர்சினி,” என்றாள் நோர்வேஜிய மொழியில்.

என் மகளுக்கு நான் கை கொடுத்தது அதுதான் முதல் தரம். மெலிந்திருந்தாள். சாப்பிடுகிறாயா என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு என் பெயரைச் சொன்னேன்.

யோன் நல்ல மனிதர். “நாங்கள் உங்களைச் சோதிக்கவில்லை, செயலியைத்தான் சோதிக்கிறோம்,” என்றார். சோதனை வைக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போனைத் தந்தார்கள். என் போனைப் போலவே. ரிக்கற்றைக் காட்டுங்கள் என்றார். சரித்தேன், மூச்சை அடக்கினேன், சுண்டுவிரல், தட்டு. வந்தது. வரைபடத்துக்குப் போங்கள். தட்டு. உங்கள் பெயர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். தட்டு. திரும்ப ரிக்கற். தட்டு. ஒருதரம்கூடப் பிழைக்கவில்லை. நாற்பத்துநாலு புள்ளிக்குள் பன்னிரண்டு தரம் அமத்தினேன், பன்னிரண்டும் கோடு.

“அருமை!” என்றார் யோன். சுவரோரத்து இளைஞர்களைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். பிறகு தர்சினியைப் பார்த்தார். “பிரச்சினை ஒன்றும் தெரியவில்லையே.”

பாராட்டு வந்ததும் நான் தர்சினியின் முகத்தைப் பார்த்தேன். அது சிவக்கவில்லை. வெளுத்திருந்தது. எங்கோ ஒன்றைப் பிழையாக அமத்திவிட்டேன் என்று நினைத்துப் போனைத் திரும்பப் பார்த்தேன்.

அப்போது ஈடா கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினாள். “ஒன்று கேட்கலாமா? ஏன் சுண்டுவிரலால் அமத்துகிறீர்கள்?”

நான் இதற்குப் பழகியிருக்கவில்லை.

“எங்கள் நாட்டில் அப்படித்தான்,” என்றேன்.

யோன் மரியாதையோடு தலையை ஆட்டினார். இரண்டு இளைஞர்களும் ஆட்டினார்கள். ஈடா அதை எழுதிக்கொண்டாள். கதவுப் பக்கத்தில் இருந்த தர்சினி இருமிக்கொண்டு வெளியே போய்விட்டாள். இப்படியாக, நம்மட மட்டக்களப்பில் எல்லாரும் போனைச் சுண்டுவிரலால்தான் அமத்துகிறோம் என்று ஒரு கொப்பியில் எழுதிக் கிடக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

6

ரெயில் நிலையத்துக்கு அவளும் வந்தாள். மர வாங்கில் என் பக்கத்தில் இருந்தாள், பையை நடுவில் வைத்து.

“அம்மா, நீங்கள் ஏன் பிழை விடேல்லை?”

“பிழை விடவா கூப்பிட்ட?”

“ஓம். பஸ்ஸில நடந்தது அங்க நடந்திருக்கவேணும். அதை யோன் பார்த்திருக்கவேணும். அதுக்குத்தான்.”

“என்னட்ட ஒருத்தரும் பிழை விடச் சொல்லல்லயே புள்ள.”

“சொல்லிக் குடுக்கக்கூடாது எண்டுதான் சொல்லேல்லை!” குரல் உயர்ந்தது. பக்கத்து வாங்கில் ஒருவர் பத்திரிகையைத் திருப்பினார். தர்சினி குரலை இறக்கினாள். “அவ்வளவு ஒழுங்கா எப்படி அமத்தினீங்கள்? உங்களுக்கு ரிமோட்டே சரியா அமத்த வராது.”

“பழகினன்.”

“என்னத்தை?”

கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். சோதனைக்கு முன் ஒருதரம் பார்த்துக்கொள்ள என்று கொண்டுபோயிருந்தேன். அவள் திருப்பினாள். வட்டங்கள். வட்டமும் கோடும். கோடுகள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கிழமையும் எந்த விரல் என்பதும் தமிழில் எழுதியிருந்தேன். அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். “சுட்டு… விரல். சுண்டு… விரல்.” அப்படியே கடைசிப் பக்கம் வரைக்கும் போனாள்.

“லீவு போட்டீங்களா?” அதையும் எழுதியிருந்தேன்.

“ரெண்டு நாள். விரல் மெல்லிசாகட்டும் எண்டு.”

ரெயின் வந்துவிட்டது. அவள் கொப்பியைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். கையைத்தான் பிடித்தாள். விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள். ரெயின் நகர்ந்தபோது அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலரை மணித்தியாலமும் எனக்கு ஒரே யோசனைதான்: அவளுக்கு இருந்த ஓர் ஆள் நான், என்னைக் காட்டினாள், நான் அவளைக் கவிழ்த்துவிட்டேன்.

பிறகு மூன்று ஞாயிறு போன் வரவில்லை. நான் எடுக்கலாம்தான். எடுத்து, அவள் வேலை போய்விட்டது என்று சொன்னால்? பின்னேரங்களில் போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு எதிரே இருப்பேன். கோயிலில் ஒரு பெண், “பிள்ளை சுகமா?” என்று கேட்டாள். “ஓம், நல்லா இரிக்கா,” என்றேன். “உங்கட பக்கத் தமிழ் கேட்க ஆசையா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவள் தன் ஊர்க்காரரிடம் போய் நின்றுகொண்டாள்.

7

நான்காம் ஞாயிறு எடுத்தாள்.

“அம்மா, கொப்பியை யோனின்ட மேசையில வைச்சன்.”

“ஐயோ, அதில எழுத்துப் பிழையெல்லாம் இரிக்கும்.”

“அது தமிழில அம்மா. அவனுக்குத் தெரியாது.” மூச்சு விட்டாள். “கோடு என்ன, வட்டம் என்ன எண்டு நான் சொன்னன். நாலு பட்டனை அமத்த ஒரு ஆள் எட்டு நாள் பழகியிருக்கிறா, வேலைக்கு லீவு போட்டிருக்கிறா, இதுதான் நீ கேட்ட ஆள் எண்டன். ஈடாவும் சொன்னாள், சுண்டுவிரலைப் பார்க்கவே தனக்குச் சந்தேகம் எண்டு. யோன் ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான், இது உனக்கு எப்படிக் கிடைச்சது, ஆரின்ட எண்டு.”

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன்.

“என்ட அம்மாவின்ட எண்டன்.”

“ஏசினானா?”

“ஏசினான். முதல்லையே சொல்லியிருக்கவேணும் எண்டு. ஏசிப்போட்டு, ரெண்டு கிழமை தந்தான்.”

சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்கமுன் நான் கேட்டேன். சோறு சமைத்ததாகச் சொன்னாள், குழைந்துவிட்டதாம். தண்ணி எவ்வளவு வைத்தாய் என்று அதில் ஒரு கால் மணித்தியாலம் போனது.

இலை உதிரும் காலத்தில் செயலி புதுசாகியது. ‘நான்’ என்ற இடத்துக்குள் போனால் இப்போது ஒரு வரி இருக்கிறது, பட்டையின் உயரம் என்று. சின்னன், நடுத்தரம், உயரம். நான் உயரத்தை வைத்தேன். பட்டை எழும்பி நின்றது. படங்கள் மேலே ஒட்டவில்லை, நடுவில் நின்றன, எழுத்தும் வெட்டுப்படவில்லை. பஸ்ஸில் சுண்டுவிரல் பழக்கத்தில் தானாக நீளும். மடக்கிவிட்டுப் பெருவிரலால் அமத்துவேன். முதல் தரத்திலேயே ரிக்கற் வந்துவிடுகிறது. என் கணவர் இப்போது பஸ்ஸில் வருவதில்லை. பார்க்கவேண்டும் என்றால் நானாகத்தான் செயலியை மூடிவிட்டுப் பார்க்கவேண்டும்.

அந்தக் காசு. அவர்களின் கணக்குப் பிரிவிலிருந்து படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: இங்கே வேலை செய்யும் எவருக்காவது நீங்கள் உறவா? ஆம் எனில் என்ன உறவு? எந்தப் படிவமானாலும் நான் முதலில் வேறு தாளில் எழுதிப் பழகிப் பார்ப்பவள். இதை நேரே எழுதினேன். ஆம். தாய்.

உறவினருக்குக் காசு கொடுப்பது அவர்களின் ஒழுங்கில் இல்லை, பரிசீலிக்கிறோம், பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. பிறகு அதே பதில் இன்னொரு தரம். தர்சினி, தான் போய்க் கேட்கவா என்றாள். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன். அந்தக் கடிதம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. இன்றைய திகதி வரைக்கும் எனக்கு வரவேண்டியது நானூறு குரோணர்.